தெருமுனையில் 20 அடி: கலிஃபோர்னியாவில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கான கேள்வி பதில்

போன வருடம் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு சில மாதம் தங்கியிருந்தார். தினமும் காலையில் பக்கத்துப் பூங்கா வரைக்கும் நடப்பார். ஒரு நாள் எங்கள் தெருமுனையில் அவர் சாலையில் காலை வைத்த நொடியில் ஒரு கார் கிறீச்சென்று நின்றது. காரோட்டி வேகமாக வரவில்லை. அம்மாவும் ஓடவில்லை. முனையை ஒட்டி ஒரு பெரிய வேன் நின்றிருந்தது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் நடுவே அது சுவர் மாதிரி இருந்துவிட்டது. அந்தப் பையன் காரைவிட்டு இறங்கி வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டபோது அவன் கை நடுங்கியது.

அதே இடத்தில் நானும் பல தடவை என் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். சிவப்புப் பெயின்ட் இல்லை, பலகை இல்லை, அதனால் தப்பில்லை என்று நினைத்திருந்தேன். தப்புதான். சட்டத்தைத் தேடிப் படித்ததில் தெரிந்ததையும், அதன்பிறகு நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்த 20 அடி விதி என்பது என்ன?

ஏபி 413 என்ற சட்டம். சட்டமன்ற உறுப்பினர் அலெக்ஸ் லீ கொண்டுவந்தார். ஃப்ரீமான்ட், மில்பிடாஸ் பக்கத்துத் தொகுதிக்காரர், நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் பகுதி அது. 2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 22500-ஆம் பிரிவில் அது சேர்ந்தது.

சொல்வது இதுதான்: சாலையைக் கடக்கும் இடத்துக்கு, அதாவது கிராஸ்வாக்குக்கு, வண்டிகள் வந்து சேரும் பக்கத்தில் 20 அடிக்குள் எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது. 2024 முழுக்க எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள் (ஏற்கெனவே பெயின்டோ பலகையோ இருந்த இடங்கள் தவிர). 2025 ஜனவரி 1 முதல் அபராதம் போடலாம்.

இதை ஆங்கிலத்தில் 'டேலைட்டிங்' என்பார்கள். முனையில் வெளிச்சம் விடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வண்டிகள் வந்து சேரும் பக்கம்" என்றால் எந்தப் பக்கம்? இதுதான் குழப்புகிறது.

எல்லாரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வண்டிக்குள் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். சாலையைக் கடக்கப் போகிறவராக நடைபாதை ஓரத்தில், சாலையைப் பார்த்து நில்லுங்கள். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. ஆகவே உங்களுக்கு மிக அருகில் உள்ள தடத்தில் வரும் கார் உங்கள் இடது கைப் பக்கத்திலிருந்துதான் வரும். அந்த இடது கைப் பக்கத்தில், ஓரக்கல்லை ஒட்டி 20 அடி காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

இப்போது வண்டிக்குள் வாருங்கள். ஒரு சந்திப்பை நோக்கிப் போகிறீர்கள். சந்திப்புக்கு முன்னால் வலது ஓரத்தில் இடம் இருக்கிறது. கிராஸ்வாக் தொடங்குவதற்கு 20 அடி முன்னதாகவே உங்கள் வண்டியின் மூக்கு நின்றுவிட வேண்டும். சந்திப்பைத் தாண்டிப் போய் அடுத்த பக்கம் வலது ஓரத்தில் நிறுத்தினால், நீங்கள் இப்போது கடந்து வந்த கிராஸ்வாக்குக்கு மாநிலத்தின் 20 அடி விதி பொருந்தாது. அங்கே கார்கள் கிராஸ்வாக்கை விட்டு விலகிப் போகின்றன. ஆனாலும் கிராஸ்வாக்கின் மேலோ, சக்கர நாற்காலிக்காக ஓரக்கல்லைத் தாழ்த்தியிருக்கும் சரிவின் முன்போ நிற்கக் கூடாது. அங்கும் சில அடி விட்டு நிறுத்துவதே என் வழக்கம்; பக்கத் தெருவிலிருந்து திரும்பி வருகிறவருக்குப் பார்வை கிடைக்கும்.

ஒருவழிச் சாலை என்றால் இரண்டு ஓரத்திலும் கார்கள் ஒரே திசையிலிருந்து வரும். அப்போது வலது ஓரம், இடது ஓரம் இரண்டிலும் 20 அடி விட வேண்டும்.

எங்கள் தெருமுனையில் வெள்ளைக் கோடே கிடையாது. அப்படியென்றால் கிராஸ்வாக் இல்லைதானே?

இருக்கிறது. கோடு போட்டால்தான் கிராஸ்வாக் என்பது பரவலான தவறான எண்ணம். வாகனச் சட்டத்தின் 275-ஆம் பிரிவு சொல்கிறபடி, ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில், நடைபாதையின் இரண்டு ஓரங்களையும் மனதால் அப்படியே சாலையின் குறுக்கே நீட்டிப் பாருங்கள். அந்தப் பட்டைதான் கோடில்லாத கிராஸ்வாக். நடந்து போகிறவருக்கு அங்கேயும் கார்கள் வழிவிட வேண்டும் என்று 21950-ஆம் பிரிவு சொல்கிறது. 20 அடி விதியும் இந்த இரண்டு வகைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

ஒரு தெரு இன்னொன்றில் வந்து முட்டி நிற்கும் முச்சந்தியை மட்டும் தனியாகக் கவனியுங்கள். நேராகப் போகும் சாலையின் எதிர்ப்பக்கத்தில் ஓரக்கல் எந்த வளைவும் இல்லாமல் நீளமாக ஓடும். முனை மாதிரியே தோன்றாது. ஆனால் முட்டும் தெருவின் நடைபாதைகளை நீட்டினால் அவை அந்தப் பக்கம் வரைக்கும் போகும். அங்கேயும் கிராஸ்வாக் உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் மிக அதிகமாக மறக்கப்படும் இடம் இதுதான். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்து சாலையில் வந்து சேர்ந்தால் அதற்கு இந்தக் கணக்கு கிடையாது.

சிவப்புப் பெயின்ட் அடிக்காமல் எப்படி அபராதம் போடலாம்?

போடலாம். பெயின்டோ பலகையோ இல்லாமலே இந்த விதி மாநிலம் முழுக்கச் செல்லும். சில ஊர்களில் பெயின்ட் அடித்த பிறகே டிக்கெட் கொடுப்பது என்று நிர்வாகம் முடிவு செய்துகொள்வதுண்டு. அது அந்த ஊரின் நடைமுறை, உங்கள் உரிமை இல்லை.

ஒரு நகரம் தன் சந்திப்புகளில் 20 அடிக்குப் பதிலாக வேறு தூரம் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அதற்குச் சாலைப் பாதுகாப்பு அடிப்படையில் காரணம் காட்டித் தனியாக விதி இயற்ற வேண்டும், அந்த இடத்தில் பெயின்டோ பலகையோ வைக்க வேண்டும். அடையாளம் இருந்தால் அதன்படி, இல்லையென்றால் 20 அடி.

20 அடியை இறங்கி டேப் வைத்தா அளப்பது?

தேவையில்லை. ஒரு கொரோலா 15 அடிக்குக் கொஞ்சம் கூட, ஒரு கேம்ரி ஏறக்குறைய 16 அடி. ஆகவே முனையில் ஒரு முழுக் கார் நிற்கும் இடத்தையும் அதற்கு மேல் நாலைந்து அடியையும் காலியாக விட்டால் சரி. நடந்து பார்க்கிறவர்களுக்கு, சாதாரண நடையில் 8 எட்டு. மீட்டரில் 6-க்குச் சற்று மேல்.

கிராஸ்வாக்கின் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும், ஓரக்கல் வளையும் இடத்திலிருந்து இல்லை. சந்தேகமாக இருந்தால் இன்னும் ஒரு எட்டு தள்ளி நிறுத்திவிடுங்கள்.

ஓரக்கல் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில்?

சில சந்திப்புகளில் நடைபாதையையே வாகனம் நிற்கும் தடத்தின் அகலத்துக்கு வெளியே இழுத்துக் கட்டியிருப்பார்கள். கடக்கிறவர் ஏற்கெனவே முன்னால் வந்து நிற்பதால் அங்கே 15 அடி போதும் என்று சட்டமே சொல்கிறது.

ஒரு கார் முனையில் நின்றால் அப்படி என்ன ஆகிவிடும்? பார்த்துத்தானே கடக்கிறார்கள்?

பார்க்க முடியாது என்பதுதான் விஷயம்.

வாகனங்கள் நிற்கும் தடம் ஏறக்குறைய 8 அடி அகலம். முனையை ஒட்டி ஒரு எஸ்யூவி நின்றால், நடந்து போகிறவர் அதன் அகலம் முழுவதையும் தாண்டி வந்து தலையை நீட்டினால்தான் வரும் காரைப் பார்க்க முடியும். அதாவது ஓடும் தடத்தின் விளிம்புக்கே வந்துவிட்ட பிறகு. காரோட்டியும் அந்த நேரத்தில்தான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறார்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 25 மைல் என்பது நொடிக்கு 36 அடிக்கும் மேல். ஆளைப் பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் கார் 55 அடி ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க எடுக்கும் தூரம் தனி. இதையெல்லாம் குடியிருப்புத் தெருவின் வேகத்துக்கே சொல்கிறேன்.

"அப்போ 20 அடி எப்படிப் போதும்? அது அரை நொடி ஓட்டம்தானே" என்று என் மைத்துனர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த 20 அடி, கார் நிற்பதற்கான இடம் இல்லை. அது பார்வைக்கான இடம். முனை காலியாக இருந்தால், நடந்து போகிறவர் இன்னும் நடைபாதையில் நிற்கும்போதே காரோட்டியின் கண்ணில் படுகிறார். அவரும் தொலைவில் வரும் காரைச் சாய்வாகப் பார்க்கிறார். சாலையில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க நேரம் கிடைக்கிறது. முடிவு நடைபாதையிலேயே நடந்துவிடுகிறது.

குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஆறு வயதுப் பிள்ளை 4 அடி உயரம்கூட இருக்காது. பெரிய பிக்கப் டிரக்கின் முன்மூடி அந்தப் பிள்ளையின் தலைக்கு மேல் இருக்கும். பெரியவராவது கண்ணாடி வழியாக, கூரைக்கு மேலாகக் கொஞ்சம் தெரிவார்; குழந்தை சுத்தமாகத் தெரியாது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் இதே கதி.

இதனால் நிஜமாகவே பலன் கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. நியூ ஜெர்சியில் ஹோபோக்கன் என்று ஓர் ஊர், நியூயார்க்குக்கு ஆற்றின் மறுகரை. சுமார் 60,000 பேர் நெருக்கியடித்து வாழும் இடம், வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அந்த மாநிலத்தில் கிராஸ்வாக்கிலிருந்து 25 அடிக்குள் நிறுத்தக் கூடாது என்பது பழைய சட்டம். ஹோபோக்கன் அதைக் காகிதத்தில் விட்டுவிடாமல், பல முனைகளில் கம்பங்கள், சைக்கிள் நிறுத்தும் சட்டகங்கள், செடித் தொட்டிகள் என்று வைத்து யாரும் வண்டியைச் சொருக முடியாதபடி செய்தது. 2017 தொடக்கத்திலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர்த் தெருக்களில் ஒரு சாலை மரணம்கூட இல்லை. வேகத்தைக் குறைத்ததற்கும் வேறு மாற்றங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது முனைகளைத் திறந்துவிட்டதைத்தான்.

இங்கேயே சான் ஃபிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில் 80 சந்திப்புகளில் முனைகளைக் காலி செய்த பிறகு பதிவான மோதல்கள் 14% குறைந்ததாக நகரப் போக்குவரத்துத் துறை கணக்குக் காட்டியது. செலவு? பெயின்ட்.

கலிஃபோர்னியா இதில் முன்னோடி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இந்த விதி இருந்த பிறகுதான் இங்கே வந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் உள்ளேயே இருக்கிறேன், இரண்டே நிமிடம்தான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 22500-ஆம் பிரிவு வண்டியை நிறுத்திவிட்டுப் போவதை மட்டும் தடுக்கவில்லை. அங்கே நிற்பதையே தடுக்கிறது. போக்குவரத்து நெரிசலுக்காகவோ, சிக்னலுக்காகவோ, போலீஸ்காரர் சொன்னதற்காகவோ நின்றால் அது வேறு. ஆளை இறக்கிவிட, பார்சல் எடுக்க, போன் பேச என்றால் தடைதான். சரக்கு ஏற்றி இறக்கும் வணிக வாகனங்களுக்கு நகரம் தனி விதி போட்டு அனுமதி தரலாம்.

சனி, ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் இடங்களை நினைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் நூறு கார்கள் வருகின்றன. எல்லாரும் வாசலுக்கு மிக அருகில் உள்ள முனையில் "ஒரு நிமிஷம்" நிற்கிறோம். ஒருவர் போனால் அடுத்தவர். அந்த முனை அரை மணி நேரம் மூடியே கிடக்கிறது, சரியாகக் குழந்தைகள் கடக்கும் அந்த அரை மணி நேரம். நூறடி தள்ளி நிறுத்தி, பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போவோம். தயவுசெய்து.

அப்பாவுக்கு மாற்றுத்திறனாளிக்கான நீல அட்டை இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு நிறுத்தலாமா?

முடியாது. அந்த அட்டை இருந்தால் நீல இடங்களில் நிறுத்தலாம், பச்சை ஓரத்தில் நேரக் கட்டுப்பாடின்றி நிறுத்தலாம், தெரு மீட்டருக்குக் காசு போட வேண்டாம். நிற்கவே கூடாத இடங்களுக்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

மோட்டார் சைக்கிள்? மிதிவண்டி?

மோட்டார் சைக்கிளும் வண்டிதான், அதற்கும் தடை. மிதிவண்டி பார்வையை மறைக்காது என்பதால் பல ஊர்களில் அந்த 20 அடியில் சைக்கிள் நிறுத்தும் சட்டகங்களை நகரமே வைக்கிறது.

இதே மாதிரி மறந்துபோகும் வேறு விதிகள் என்ன?

தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடி. தீயணைப்பு நிலைய வாசலிலிருந்தும் 15 அடி. வலது பக்கச் சக்கரங்கள் ஓரக்கல்லிலிருந்து 18 அங்குலத்துக்குள். இருவழிச் சாலையில் எதிர்த்திசை பார்த்து நிறுத்தக் கூடாது; எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போகும்போது நாம் அப்படியே குறுக்கே போய்ச் செருகிவிடுகிறோம்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு ஒன்று உண்டு. விருந்தாளி வந்தால் டிரைவ்வேயில் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று கார்களை விடுகிறோம், கடைசிக் காரின் வால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். இதுவும் 22500-இல் தடை. குழந்தை வண்டியைத் தள்ளி வருகிறவர் அதனால் சாலையில் இறங்கித்தான் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

ஓரக்கல்லில் அடிக்கும் நிறங்கள் தெரிந்திருக்கும்: சிவப்பில் நிற்கவே கூடாது, மஞ்சள் சரக்குக்கு, வெள்ளை ஆளை ஏற்றி இறக்க, பச்சை குறைந்த நேரத்துக்கு, நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 3 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள தெருவில் சக்கரங்களை ஓரக்கல்லில் முட்டும்படி திருப்பி வைக்கவில்லை என்றால் அதற்கும் டிக்கெட் உண்டு.

டிக்கெட் வந்துவிட்டது. என்ன செய்வது?

தொகை ஊருக்கு ஊர் மாறும். ஓட்டுநர் உரிமத்தில் தவறுக்கான புள்ளி ஏறாது. கட்டாமல் விட்டால் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போது வந்து நிற்கும்.

நியாயமில்லை என்று தோன்றினால், டிக்கெட் போட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், கட்டணம் இல்லை. அதில் தோற்றால், முடிவை அனுப்பிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நிர்வாக விசாரணை கேட்கலாம். அதற்கும் பிறகு நீதிமன்றம். முக்கியமான வேலை முதல் நாளே செய்ய வேண்டியது: வண்டியை எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். கிராஸ்வாக்கும் வண்டியும் ஒரே படத்தில் வரட்டும், எத்தனை எட்டு என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். "பெயின்ட் இல்லை" என்பதை மட்டும் வைத்து வாதாடினால் நிற்காது. தூரம் 20 அடிக்கு மேல் என்றோ, அது சந்திப்பை விட்டு விலகும் பக்கம் என்றோ காட்ட முடிந்தால் நிற்கும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. ஆகவே சாலையில் இறங்கும்போது முதலில் வலப்பக்கம் பார்ப்பது ஐம்பது, அறுபது வருடப் பழக்கம். அது யோசித்துச் செய்வது இல்லை, கழுத்தே திரும்பிவிடும். இங்கே முதல் கார் வருவது இடப்பக்கத்திலிருந்து. முனையில் சட்டவிரோதமாக நிற்கும் வண்டியும் அதே இடப்பக்கத்தில்தான் நிற்கிறது. பழகாத கண்ணும் மறைந்த பார்வையும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடுகின்றன. அன்றைக்கு அம்மாவுக்கு நடந்தது இதுதான். அவர் வலப்பக்கம் கவனமாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

வந்த முதல் வாரத்திலேயே அவர்களோடு இரண்டு மூன்று நாள் நடந்து போங்கள். வாயால் சொன்னால் போதாது, முனையில் நிறுத்தி "இடது, வலது, மறுபடி இடது" என்று பார்க்க வையுங்கள். முனையில் வண்டி நின்றால் அதன் வெளிவிளிம்பு வரைக்கும் மெதுவாக வந்து, அங்கே நின்று, எட்டிப் பார்த்த பிறகே மேலே போகச் சொல்லுங்கள். காரோட்டி கையசைத்தால் உடனே ஓட வேண்டாம். ஒரு கார் நின்றுவிட்டது என்பதற்காக அடுத்த தடத்துக் காரும் நிற்கும் என்று நம்ப வேண்டாம். அப்படி நின்ற காரை முந்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் நின்ற காரே மறைப்பாகிவிடும்.

நடுச்சாலையில் கடந்தால் போலீஸ் பிடிக்குமா என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து, உடனடி ஆபத்து இல்லாத நேரத்தில் அதற்கு டிக்கெட் கொடுப்பதில்லை. ஆனாலும் முனையில் கடப்பதே பழக்கமாக இருக்கட்டும்.

வேறு மாநிலத்தில் இருக்கிறோம். இதே 20 அடிதானா?

தூரம் மாறும். நியூ ஜெர்சியில் 25 அடி என்று மேலே சொன்னேன். அங்கே எடிசன் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் அதை நினைவில் வையுங்கள். நியூயார்க் மாநிலச் சட்டத்தில் 20 அடி, ஆனால் நியூயார்க் நகரம் அதிலிருந்து தனக்கு விலக்கு வைத்திருக்கிறது. அங்கே முனை வரைக்கும் கார்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து இங்கேயும் அப்படியே செய்யாதீர்கள்.

எங்கள் முனையில் ஒரு வண்டி எப்போதும் நிற்கிறது. யாரிடம் சொல்வது?

அக்கம்பக்கத்தார் வண்டி என்றால் முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சட்டம் வந்ததே தெரியாது. எங்கள் முனையில் நின்ற அந்த வேன் மூன்றாவது வீட்டுக்காரருடையது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். சண்டை போடவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் சாலைக்கு வந்து, அம்மா நின்ற இடத்தில் தானும் நின்று பார்த்தார். அன்று மாலையே வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

யார் வண்டி என்று தெரியவில்லை, அல்லது பேசியும் பயன் இல்லை என்றால் நகர நிர்வாகத்திடம் சொல்லலாம். சான் ஃபிரான்சிஸ்கோ, சான் ஹோசே, ஓக்லண்ட் போன்ற ஊர்களில் 311 என்ற தொலைபேசி எண். மற்ற ஊர்களில் நகர இணையதளத்தில் போக்குவரத்துப் பிரிவு இருக்கும். ஒரு வண்டியைப் பற்றிப் புகார் செய்வதோடு நிற்காமல், அந்த முனையில் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லியும் ஒரு விண்ணப்பம் போடுங்கள். பள்ளி, முதியோர் இல்லம், பூங்கா, பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். எந்தத் தெருவும் எந்தத் தெருவும் சந்திக்கும் இடம், எந்த மூலை, எத்தனை மணிக்கு அதிகம் பேர் கடக்கிறார்கள் என்று எழுதி, நடந்து போகிறவர் நிற்கும் இடத்திலிருந்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.